பதினான்காவது கட்டம்

முதல் பதின்மூன்று கட்டங்களும் எளியவை.
பெயர், ஓர்வில் தக்கினென்.
வேலை, துப்புரவு, இரவு முறை.
இடம், டுலூத், ஏரிப்பக்க விடுதி, மூன்றாம் மாடி.
நேரம், விடிகாலை நாலே முக்கால்.
காயம், வலது தொடை, ஒரு துளை.
ரத்தம் எவ்வளவு என்று கட்டம் கேட்கவில்லை.
கால்சட்டையில் பார்த்தேன்,
குன்றிமணி அளவுகூட இல்லை.

பதினான்காவது கேட்கிறது,
இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்?
ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தார்.
பிதுக்கவில்லை, வாய் வைக்கவில்லை,
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே
பதினைந்து நிமிடம் கழுவினார்.
"ரெண்டாம் மாடியில போய்க் கழுவினேன்" என்றார்.
ஏன்?
"மூணாவதுல சோப்பு தீர்ந்துபோச்சு."
கொஞ்சம் பொறுத்து,
"நிரப்ப வேண்டியவனும் நான்தான்."

குப்பைப் பையை உடம்போடு அணைத்துத் தூக்காதீர்கள்:
என் பாடத்தில் ஒன்பதாவது படம்.
நவம்பரில் பின்படிக்கட்டு பனிக்கட்டி.
ஒரு கை கம்பிக்கு,
மிச்சமிருந்தது ஒரு கையும் தொடையும்.
படத்தில் படிக்கட்டு இல்லை.

அந்தப் படம் ஓடியபோது அவர் தூங்கிப்போயிருந்தார்.
இரவெல்லாம் துடைத்த ஆளைக்
காலை ஒன்பது மணிக்கு
வகுப்புக்கு வரச் சொன்னது யார்?
அறிவிப்பின் கீழே என் கையெழுத்து.

கல்லீரல் அழற்சித் தடுப்பூசி
செலவில்லாமல் தருகிறோம் என்றதற்கு
வேண்டாமென்று ஒப்பமிட்டிருக்கிறார், வருடங்களுக்கு முன்.
காரணம் எழுதத் தேவையில்லை,
எழுதியிருக்கிறார்:
ஊசி என்றால் பயம்.

சிவப்புப் பெட்டிகள் ஆய்வகங்களில் உண்டு,
சுவரோடு திருகி, வாய் குறுகி, முக்கால் நிறைந்ததும் மாற்றி.
விடுதிகளுக்கு அடுத்த நிதியாண்டில் என்றார்கள்.
ஏற்கிறேன் என்று பதில் போட்டேன்.
நன்றி என்றும் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் மாடியில் தாள் ஒட்டினோம்:
தண்டனை இல்லை, பெயர் வெளிவராது,
அந்த ஊசி யாருடையதோ அவர் வரவும்.
மூன்று நாள் யாரும் வரவில்லை.
இதற்குள் ஓர்வில் வீட்டில்
தனிக் கோப்பை, தனித் துண்டு.
அது தேவையே இல்லை என்று
நானும் மருத்துவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம்.
தலையை ஆட்டினார்.
மனைவியோடு ஒரே சோபாவில் உட்காருவதில்லையாம்.

நான்காம் நாள் வந்தாள்.
டேகன் ஹூக்ஸ்ட்ரா, முதலாமாண்டு.
ஒப்புதல் தாளை நான் எடுப்பதற்குள்
சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள்.
பத்து வயதிலிருந்து இன்சுலின்.
அறைத் தோழிக்குத் தெரிய வேண்டாமென்று
காபிக் கோப்பையில் ஊசிகளைப் போட்டு
மேலே துடைப்புத்தாள் திணித்து,
"பத்திரமா மூடிட்டதா நினைச்சேன்."

குழாய் நிறையும்வரை பேசவில்லை.
பிறகு, "அது யாரோட கால்?" என்றாள்.
சொல்லக் கூடாது.
அவள் பெயரை அவரிடமும் சொல்லக் கூடாது.
சட்டத்தின் சுவர் இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

கதவைத் திறந்துவிட்டேன்.
நடைகூடத்தில் ஓர்வில், வாளியும் மாப்பும்.
பகல்முறைக்கு மாற்றியது நானே,
மறந்துபோயிருந்தேன்.
"பார்த்து வாம்மா, தரை ஈரம்" என்றார்.
சுவரோரமாகக் கால் வைத்து,
உள்முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி,
"சாரி" என்றாள்.
"காஞ்சிடும்" என்றார்.

முடிவு சுத்தமாக வந்தது.
தொலைபேசியில் சொன்னபோது
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு அந்தத் தடுப்பூசி
இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

ஒன்றரை வரி.
பேனா மை கசியும்வரை வைத்திருந்து எழுதினேன்:
இணைப்பைக் காண்க.
இணைப்பின் முதல் பக்கம், முதல் பெயர்,
நடீன் ப்ரூலெட்,
பாதுகாப்பு அலுவலர்.
இரண்டாவது பெயரை எழுதப் போகையில்
சோப்பு நினைவுக்கு வந்தது,
எழுந்து போனேன்.